வெட்டிய ஆட்டின் குடல் அசைகிறது. உயிரோடு இருக்கும் என் அம்மாவின் குடல் ஐந்து நாள் அசையவில்லை. ஏன்?

பாலக்கோட்டுக் கறிக்கடை:

வணக்கம். பாலக்கோட்டில் ஆட்டுக்கறிக் கடை வைத்திருக்கிறேன். அப்பா நடத்திய கடை. 15 வயதில் அவர் பக்கத்தில் குடல் கழுவ உட்கார்ந்தேன். இப்போது எனக்கு 41. ஒரு கேள்வி மூன்று வாரமாக என்னை விடவில்லை. விவரமாகவே எழுதுகிறேன்.

விடியற்காலை நான்கு மணிக்கு ஆட்டை அறுத்து, தோலுரித்து, வயிற்றைத் திறந்து, குடலை மொத்தமாக எடுத்து அலுமினியத் தாம்பாளத்தில் போடுவோம். தலை ஒரு பக்கம், தோல் ஒரு பக்கம், தொடையும் விலாவும் கொக்கியில். அந்தக் குடலுக்குச் சொந்தக்காரன் என்று யாருமே மிச்சமில்லை. ஆனாலும் அது அசையும். வெறுமனே துடிப்பதில்லை. ஓர் இடத்தில் மோதிரம் போட்டதுபோல இறுகும், அந்த இறுக்கம் மெல்ல முன்னால் நகரும், அதற்கு முன்னால் இருக்கும் பகுதி தளர்ந்து வழிவிடும். உள்ளே அரைத்த தழை ஒரு கட்டியாக நகர்ந்து போவதை வெளியிலிருந்தே பார்க்கலாம். விரலால் ஓரிடத்தில் லேசாகக் கிள்ளினால் அந்த இடம் சுருங்கிக்கொள்ளும். மார்கழிக் குளிரில் சீக்கிரம் அடங்கிவிடும்; வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினால் மறுபடி நெளியும். கால் மணி நேரம்வரைகூட நான் பார்த்திருக்கிறேன்.

"உயிர் கடைசியாகக் குடலில்தான் தங்கும்" என்று அப்பா சொல்வார். அது முழுதாக அடங்கும்வரை அதில் கத்தி வைக்க மாட்டார். வாடிக்கையாளர் வாசலில் நின்று அவசரப்படுத்தினாலும் சரி, ஈரல், நுரையீரல் என்று மற்றதை நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பார். நானும் இன்றுவரை அப்படித்தான்.

இப்போது அம்மா விஷயம். அம்மாவுக்கு 63 வயது. தொப்புளில் குடலிறக்கம் பல வருடமாக இருந்திருக்கிறது. சேலைக் கொசுவத்துக்குள் மறைத்து வைத்துக்கொண்டு எங்களிடம் சொல்லவே இல்லை. ஒருநாள் இரவு வாந்தி, வலி, வயிறு பானைபோல ஊதிவிட்டது. தர்மபுரியில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். சிறுகுடல் அதில் மாட்டிக் கறுத்துப் போயிருந்தது என்று சொல்லி, ஒரு சாண் அளவுக்கு வெட்டியெடுத்து இணைத்தார்கள். உயிர் பிழைத்தார். அதற்கு நன்றி சொல்லி முடியாது.

ஆனால் அதன்பிறகு ஐந்து நாள் குடல் அசையவே இல்லை. மூக்கு வழியாகக் குழாய், அதில் பச்சையாகத் தண்ணீர், வாயில் ஒரு சொட்டு நீர் விடக் கூடாது. காலையில் ஒருவர் வந்து வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்பார். "சத்தம் இல்லை. குடல் மரத்துப் போயிருக்கிறது, தானாக வரும்" என்பார், அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். ஏன் மரத்தது, எப்போது வரும் என்று கேட்க வாயெடுப்பதற்குள் அவர் மூன்று கட்டில் தாண்டியிருப்பார்.

நான் அந்தக் கட்டிலருகே நின்று யோசித்தது இதுதான். என் தாம்பாளத்தில் கிடக்கும் குடலுக்குத் தலையில்லை, இதயமில்லை, இரத்தமில்லை. அது அசைகிறது. அம்மாவுக்கு எல்லாம் இருக்கிறது. அவர் குடல் அசையவில்லை. அறுவை செய்யும்போது ஏதாவது நரம்பைத் தவறுதலாக வெட்டிவிட்டார்களா?

இன்னொன்று. வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் ஆகிறது. காலையில் ஒரு டம்ளர் காபி குடித்து இட்லியைப் பிட்டு வாயில் வைத்தால் போதும், பாதியில் எழுந்து கழிப்பறைக்கு ஓடுகிறார். "சாப்பிடுவது அப்படியே இறங்கிவிடுகிறது, குடலைக் குட்டையாக்கி விட்டார்கள்" என்று பயந்து சாப்பாட்டையே குறைத்துவிட்டார். கன்னம் ஒட்டிப்போய்விட்டது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ராயக்கோட்டை விவசாயி:

அண்ணா, எங்கள் வீட்டில் வயிறு மந்தமாக இருந்தால் விளக்கெண்ணெய்தான். கொல்லை வரப்பில் நிற்கிற ஆமணக்கில் கொட்டை பொறுக்கி, வறுத்து இடித்துக் காய்ச்சி எடுத்த எண்ணெய். ஒரு கரண்டி கொடுத்தால் குடல் மொத்தமும் கழுவியதுபோல ஆகிவிடும். அதன்பிறகு எல்லாம் ஒழுங்குக்கு வந்துவிடும். அம்மாவுக்கு ஒரு முறை கொடுத்துப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற உடலியங்கியல் ஆசிரியர், கிருஷ்ணகிரி:

முதலில் ராயக்கோட்டைத் தம்பிக்கு: வேண்டாம். குடலை வெட்டி இணைத்து ஒரு மாதம்கூட ஆகாதவருக்கு விளக்கெண்ணெய் கொடுக்கக் கூடாது. அந்த எண்ணெய் குடலுக்குள் உடைந்து ரிசினோலிக் அமிலம் ஆகிறது. அது குடல் தசையைப் பிடித்துப் பலமாகச் சுருங்க வைக்கும். ஆறிக்கொண்டிருக்கும் தையலுக்கு அந்த இழுப்பு ஆகாது. நல்ல எண்ணத்தில் சொன்னீர்கள் என்று தெரியும். பேதி மருந்து எதுவானாலும் அறுவை செய்த மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

பாலக்கோட்டுத் தம்பி, மருத்துவ மாணவர்களுக்கு முப்பது ஆண்டு உடலியங்கியல் சொல்லிக்கொடுத்தேன். உங்களைப்போல இந்தக் கேள்வியைக் கேட்ட மாணவர் ஒருவரும் எனக்கு வாய்க்கவில்லை. நரம்பு எதையும் தவறாக வெட்டவில்லை. உண்மை அதற்கு நேர்மாறானது. ஆட்டின் குடல் அசைகிறது, ஏனென்றால் அதைத் தடுத்து நிறுத்த இனி யாருமில்லை. அம்மாவின் குடல் நின்றது, ஏனென்றால் தடுத்து நிறுத்தும் நரம்புகள் எல்லாம் பழுதில்லாமல் இணைந்திருந்தன.

குடலின் சுவரில் இரண்டு அடுக்குத் தசை உண்டு. வெளியடுக்கு நீளவாக்கில் ஓடுகிறது, உள்ளடுக்கு வளையமாகச் சுற்றுகிறது. குடலைக் கழுவும்போது உங்கள் கைக்கே அது தெரிந்திருக்கும். ஒரு பக்கம் இழுத்தால் கிழியும், இன்னொரு பக்கம் கிழியாது. அந்த இரண்டு அடுக்குக்கும் நடுவே மீன்வலைபோல ஒரு நரம்புப் பின்னல் உணவுக்குழாயிலிருந்து ஆசனவாய்வரை விரிந்திருக்கிறது. கண்டறிந்தவர் பெயரால் அவர்பாக் பின்னல் என்கிறோம். சளிச்சவ்வுக்கு அடியில் மைஸ்னர் பின்னல் என்று இன்னொன்று. இரண்டையும் சேர்த்தால் மனிதக் குடலில் 10 கோடிக்குக் குறையாத நரம்பு செல்கள் உண்டு. தண்டுவடத்தில் இருப்பதற்கு ஈடான எண்ணிக்கை. 1921 இல் லாங்லி என்ற ஆங்கில உடலியங்கியலாளர், நாம் நினைக்காமலே உள்ளுறுப்புகளை இயக்கும் தன்னியக்க நரம்பு மண்டலத்தில் இதைத் தனியாக ஒரு மூன்றாம் பிரிவாகவே வைத்தார்.

நீங்கள் தாம்பாளத்தில் பார்க்கும் மோதிரம் எப்படி உண்டாகிறது தெரியுமா? தழைக்கட்டி உள்ளிருந்து சுவரை அழுத்துகிறது. சவ்வில் இருக்கும் சில செல்கள் அந்த அழுத்தத்தை உணர்ந்து செரோட்டோனின் என்ற பொருளைக் கசியவிடுகின்றன. அது உணர்வு நரம்பைத் தட்டி எழுப்புகிறது. அந்த நரம்பு இரண்டு பக்கமும் செய்தி அனுப்புகிறது. வாய்ப்பக்கம் போன செய்தியின் முடிவில் அசிட்டைல்கோலின் சுரந்து தசையை இறுக்குகிறது. ஆசனப்பக்கம் போன செய்தியின் முடிவில் நைட்ரிக் ஆக்சைடு சுரந்து தசையைத் தளர்த்துகிறது. பின்னால் இறுக்கம், முன்னால் தளர்வு. கட்டி நகர்ந்து அடுத்த இடத்தை அழுத்தியதும் அங்கே மறுபடி அதே வேலை. உணர்வது, முடிவெடுப்பது, செய்வது மூன்றும் அந்தச் சுவருக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. தலை தேவையில்லை.

இதை 1899 இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர் நாய்களில் காட்டினார்கள். குடலுக்கு வெளியிலிருந்து வரும் நரம்புகளை வெட்டிய பிறகும் இந்தப் பின்னிறுக்கமும் முன்தளர்வும் தொடர்ந்தன. அதற்குக் 'குடலின் விதி' என்று பெயர் வைத்தார்கள். 1917 இல் டிரெண்டலென்பர்க் என்ற ஜெர்மானியர் சீமைப்பெருச்சாளியின் குடல் துண்டை வெளியே எடுத்து, வெதுவெதுப்பான உப்புநீரில் வைத்தே அதை அசையவைத்தார். மார்கழியில் நீங்கள் ஊற்றும் வெந்நீர் செய்வதும் அதே வேலைதான்.

இப்போது உங்கள் அம்மாவுக்கு வருகிறேன். அந்த இருவரும் நாயின் வயிற்றைத் திறந்தபோது குடல் அசையாமல் கிடந்தது. முதுகெலும்பின் பக்கத்திலிருந்து குடலுக்கு வரும் பரிவு நரம்புகளை வெட்டினார்கள். வெட்டியதும் குடல் அசையத் தொடங்கியது! வயிற்றைக் கீறுவது, குடலைத் தொட்டுத் தூக்குவது எல்லாம் ஒரு செய்தியாகத் தண்டுவடத்துக்குப் போகின்றன. அங்கிருந்து பரிவு நரம்பு வழியாக 'நிறுத்து' என்ற கட்டளை திரும்பி வருகிறது. ஆட்டின் வயிற்றையும் நீங்கள் கீறித்தான் திறக்கிறீர்கள். ஆனால் அந்தக் கட்டளையை அனுப்பத் தண்டுவடத்தில் உயிர் இல்லை. அறுத்த சில நிமிடங்களில் குடல் வழக்கத்தைவிட வேகமாகவே நெளிவதற்குக் காரணம் இதுதான். பிடித்திருந்த கை விட்டுவிட்டது.

எங்கள் ஆய்வகத்தில் இதைக் கண்ணால் காட்டுவோம். முயல் குடலில் விரற்கடை அளவு துண்டு ஒன்றை எடுத்து, உடல்நீரைப்போல உப்புகள் கலந்த டைரோடு கரைசல் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் நூல் கட்டித் தொங்கவிடுவோம். கரைசல் 37 டிகிரியில் இருக்க வேண்டும், அடியிலிருந்து காற்றுக் குமிழி வந்துகொண்டே இருக்க வேண்டும். நூலின் மறுமுனை ஒரு நெம்புகோல் ஊசியில். ஊசி, புகை படிந்த உருளையில் கோடு கீறும். குடல் சுருங்கிச் சுருங்கி விரிய, கறுப்பு உருளையில் வெள்ளை அலைகள் வரிசையாக வரும். அசிட்டைல்கோலின் ஒரு சொட்டு விட்டால் ஊசி மேலே பாயும். கழுவிவிட்டு, பரிவு நரம்பின் 'நிறுத்து' கட்டளையைப்போலவே வேலை செய்யும் அட்ரினலின் ஒரு சொட்டு விட்டால், மாணவர்கள் மூச்சை நிறுத்திப் பார்ப்பார்கள், அலை தாழ்ந்து தாழ்ந்து ஒரே நேர்க்கோடாகிவிடும். குடல் இறந்துவிட்டது என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் சொல்வார். புதுக் கரைசலை மாற்றினால் அலை திரும்ப வரும். உங்கள் அம்மாவின் ஐந்து நாள் அந்த நேர்க்கோடு.

ஆனால் கத்தி வேலை இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்திருக்குமே, ஐந்து நாள் எதற்கு என்று கேட்பீர்கள். அதற்கு இரண்டாவது காரணம் உண்டு. குடலைக் கையாண்ட சில மணி நேரத்தில் தசையடுக்குக்குள் வீக்கம் தொடங்குகிறது. அங்கே காவல் இருக்கும் நோயெதிர்ப்பு செல்கள் விழித்துச் சுரக்கும் பொருள்கள் தசையைத் தளர்த்திப் போடுகின்றன. நரம்புக் கட்டளை விலகிய பிறகும் இந்த வீக்கம் நாள்கணக்கில் குடலை நிறுத்தி வைக்கும். அம்மாவுக்குக் குடல் அடைபட்டு, கறுத்து, பிறகு வெட்டப்பட்டிருக்கிறது. வீக்கம் அதிகமாக இருந்திருக்கும். ஐந்து நாள் என்பது நான் வியக்கும் கணக்கு அல்ல.

அடுத்தது காபி. குடலின் அனிச்சைச் செயல்கள் மூன்று தூரத்துக்குப் போய்வருகின்றன. சில, நான் மேலே சொன்னதுபோலச் சுவருக்குள்ளேயே முடியும். கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்திலேயே முடிகிற வேலை. சில, முதுகெலும்புக்கு முன்னால் இருக்கும் நரம்பு முடிச்சுகள்வரை போய்த் திரும்பும். அது தாலுகா அலுவலகம். சில தண்டுவடத்துக்கும் மூளைத்தண்டுக்கும் போய்த் திரும்பும். அது கலெக்டர் அலுவலகம். இரைப்பை நிரம்பினால் பெருங்குடலுக்குப் போகும் செய்தி இருக்கிறதே, அது பெரும்பாலும் இரண்டாவது வகை. மேலே புதிய சரக்கு வந்துவிட்டது, கீழே இடத்தைக் காலி செய் என்கிறது. காலையில், அன்றைய முதல் உணவுக்குத்தான் இது மிகப் பலமாக வேலை செய்யும். காபியும் பெருங்குடலைச் சில நிமிடங்களில் கிளப்பிவிடும். குழந்தை பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே துணியில் மலம் போவதும் இரைப்பை அனுப்பும் இந்தச் செய்தியால்தான்.

ஆகவே, அம்மாவிடம் இதைத் தெளிவாகச் சொல்லுங்கள்: இறங்குவது இப்போது சாப்பிட்ட இட்லி இல்லை. அது முந்தைய நாளும் அதற்கு முந்தைய நாளும் சாப்பிட்டதன் மிச்சம். இன்றைய இட்லி இரைப்பையைவிட்டு இறங்கவே இரண்டு முதல் நான்கு மணி நேரம் ஆகும். சிறுகுடல் ஏறத்தாழ 6 மீட்டர் நீளம். அதில் ஒரு சாண் போனதால் சாப்பாடு நிற்காமல் ஓடிவிடாது. எந்தப் பகுதியை வெட்டினார்கள் என்று மட்டும் மருத்துவமனை கொடுத்த சுருக்கக் குறிப்பில் பாருங்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதி என்றால், பித்த உப்புகள் பெருங்குடலில் இறங்கி வயிற்றுப்போக்கு வரலாம். அதற்குத் தனி மருந்து உண்டு.

ஒரு கேள்வி. இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பி ஓட வைக்கிறதா? பெருங்குடலும் நம்மோடு தூங்கும். இரவில் எழுப்புகிறது, இரத்தம் போகிறது, காய்ச்சல், வயிறு மறுபடி ஊதுகிறது, வாந்தி என்று ஏதாவது ஒன்று இருந்தால் இங்கே எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே அறுவை செய்தவரிடம் போங்கள். எடை குறைவதை எப்படியும் அவரிடம் சொல்ல வேண்டும்.

இரவுப்பணிச் செவிலி, அரூர்:

ஐயா சொன்னதற்கு மேல் எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. கட்டிலருகே நிற்கிறவள் என்ற முறையில் சில வார்த்தைகள்.

அண்ணா, உங்களுக்கு யாரும் விளக்கவில்லை என்று படித்தபோது மனம் வலித்தது. ஓர் இரவில் நாற்பது கட்டில் பார்க்கும்போது நாங்களும் "காற்று பிரிந்ததா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்தக் கேள்வி ஏன் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். அறுவைக்குப் பிறகு குடல் முழுவதும் ஒரே நேரத்தில் விழிப்பதில்லை. சிறுகுடல் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அசையத் தொடங்கிவிடும். இரைப்பைக்கு ஒன்றிரண்டு நாள். பெருங்குடலுக்குத்தான் இரண்டு மூன்று நாளுக்கு மேலும் ஆகும். காற்று பிரிந்தால் கடைசி ஊர்வரை பாதை திறந்துவிட்டது என்று அர்த்தம். அதனால்தான் ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் சத்தத்தைவிட அந்த ஒரு பதிலுக்காக நாங்கள் காத்திருக்கிறோம்.

எங்கள் வார்டில் ஒரு பாட்டி இருந்தார். நான்கு நாள் ஆயிற்று, கேட்கும்போதெல்லாம் "இல்லைம்மா" என்பார். வயிறோ மெத்தென்று இருக்கிறது, முகம் தெளிவாக இருக்கிறது. எனக்குச் சந்தேகம் வந்தது. இரவு இரண்டு மணிக்கு மகனும் மருமகளும் வராந்தாவில் தூங்கப் போன பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு காதோடு கேட்டேன். இரண்டு நாளுக்கு முன்பே பிரிந்துவிட்டது என்றார். பெண்பிள்ளை அதை எப்படி நாலு பேர் முன்னால் சொல்வது என்றார். இரண்டு நாள் பட்டினி கிடந்திருக்கிறார், தண்ணீர்கூட இல்லாமல். அன்றிலிருந்து பெண்களிடம் இந்தக் கேள்வியை நான் கூட்டத்தின் நடுவில் கேட்பதில்லை. உங்கள் அம்மா குடலிறக்கத்தையே சேலைக்குள் மறைத்தவர். அவரும் அப்படிச் செய்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. நேரம் பார்த்து, கோபிக்காமல், மனைவியைவிட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

குடலை எழுப்ப நாங்கள் செய்வது: முடிந்தவரை சீக்கிரம் எழுந்து நடக்க வைப்போம். இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருந்தால் குடல் எழாது, அதை ஏற்றுவோம். மார்ஃபின் வகை வலிமருந்து குடலின் நரம்புப் பின்னலிலேயே போய் உட்கார்ந்து அசைவை நிறுத்தும். அதனால் அதைக் குறைத்து வேறு வலிமருந்து கொடுப்பார்கள். சில மருத்துவர்கள் சூயிங்கம் மெல்லச் சொல்வார்கள். வாய் மென்றால் சாப்பாடு வருகிறது என்று மூளைத்தண்டு நம்பி, அங்கிருந்து வயிற்றுக்கு இறங்கும் வேகஸ் நரம்பு வழியாகக் குடலுக்குச் செய்தி அனுப்பும். விழுங்காமலே குடலைத் தட்டி எழுப்புகிற வழி அது.

இப்போது வீட்டில்: ஒரே நேரத்தில் வயிறு நிறையக் கொடுக்காதீர்கள். இரைப்பை எவ்வளவு விரிகிறதோ அவ்வளவு பலமாகப் பெருங்குடலுக்குச் செய்தி போகும். கொழுப்பு அதிகமுள்ள உணவும் அதைத் தூண்டும். இரண்டு இட்லி என்றால் ஒன்று இப்போது, ஒன்று ஒரு மணி நேரம் கழித்து. காபியை வெறும் வயிற்றில் கொடுக்காமல் பிறகு கொடுங்கள். நீர்க்க ராகிக்கஞ்சி சிலருக்கு ஒத்துக்கொள்ளும். களியை எப்போது தொடங்கலாம் என்று அறுவை மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் சாப்பிட்டதும் கழிப்பறை போவது கெட்டதல்ல. மலச்சிக்கலோடு வருகிறவர்களிடம் அந்த நேரத்தைத் தவறவிடாதீர்கள் என்று நாங்களே சொல்லி அனுப்புகிறோம்.

கால்நடை மருத்துவர், காவேரிப்பட்டணம்:

இந்த உரையாடலை மதியம் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டுப் படித்தேன். ஆடு நம் பக்கத்து ஆள், அதன் சார்பில் நானும் கொஞ்சம் பேச வேண்டும்.

கறிக்கடை அண்ணா, நீங்கள் குடலைப் பற்றி மட்டும் எழுதியிருக்கிறீர்கள். பெரிய இரைப்பையை, நீங்கள் பை என்று சொல்வீர்களே, அதைக் கவனித்தீர்களா? குடலுக்கும் அதற்கும் இருக்கும் வேறுபாட்டை உங்களைவிட நன்றாகப் பார்க்க வாய்ப்புள்ளவர் யாருமில்லை.

உயிரோடு நிற்கும் ஆட்டின் இடது விலாவுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் முஷ்டியை அழுத்தி வைத்தால், நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை அந்தப் பை கையை மேலே தள்ளும். ஒரு மாடோ ஆடோ தீனி எடுக்கவில்லை என்று கொண்டுவந்தால் நான் முதலில் கை வைக்கும் இடம் அதுதான். தீனியைக் கடையும் அந்த அலை, குடலின் அசைவைப் போலத் தன்னிச்சையானது அல்ல. பையின் சுவரிலிருந்து வேகஸ் நரம்பு வழியாகச் செய்தி மூளைத்தண்டுக்குப் போகிறது, அங்கிருந்து அதே வேகஸ் வழியாகக் கட்டளை திரும்புகிறது. இரண்டு பக்க வேகஸையும் வெட்டினால் அந்த ஒழுங்கான கடைசல் நின்றுவிடும். ஐயா சொன்ன கணக்கில், பைக்கு ஒவ்வோர் அலைக்கும் கலெக்டர் கையெழுத்து வேண்டும்.

எங்கள் தொழிலில் இதன் விலை தெரியும். மாடு தீவனத்தோடு கம்பியையோ ஆணியையோ விழுங்கிவிடும். அது, பெரிய பைக்கு முன்னால் இருக்கும் தேனடைப் பையின் சுவரைக் குத்திக் கிழிக்கும். அந்த இடத்தில் உண்டாகும் சீழும் ஒட்டலும் வேகஸ் நரம்பைக் கெடுத்தால், மாட்டின் வயிறு நாளுக்கு நாள் ஊதும், சாணம் குறையும், தீனி உள்ளேயே தேங்கும். குடல் நன்றாக இருக்கும். பைக்கு மட்டும் கட்டளை வராது. போன வருடம் அப்படி ஒரு கறவை மாட்டைக் காப்பாற்ற முடியவில்லை. அதை வளர்த்த அம்மா மாட்டின் இடது பள்ளத்தில் கை வைத்து, "தம்பி, தள்ளவே மாட்டேன் என்கிறதே" என்று திரும்பத் திரும்பச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. தென்னை ஓலை கட்டிய கம்பி, கட்டுமான ஆணி, எதையும் தயவுசெய்து தீவனத் தொட்டி அருகே போடாதீர்கள்.

அடுத்த முறை அறுக்கும்போது குடலையும் பையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பையின் சுவரில் சின்னச் சின்ன நடுக்கம் இருக்கலாம். அந்தப் பெரிய கடைசல் இருக்காது என்பது என் கணிப்பு. பார்த்து எழுதுங்கள்.

பாலக்கோட்டுக் கறிக்கடை:

எல்லோருக்கும் கைகூப்பி நன்றி. நான்கு நாள் கழித்து எழுதுகிறேன், ஏனென்றால் பார்த்துவிட்டு எழுத வேண்டும் என்று இருந்தேன்.

குந்தாரப்பள்ளிச் சந்தையில் பிடித்த இரண்டு கிடாயை ஞாயிற்றுக்கிழமை அறுத்தேன். டாக்டர் சொன்னபடி குடலை ஒரு தாம்பாளத்திலும் பையை ஒரு தாம்பாளத்திலும் வைத்து, விளக்கைக் கிட்டே பிடித்துப் பார்த்தேன். குடல் வழக்கம்போல நெளிந்தது. பை நனைந்த கோணிபோலக் கிடந்தது. விளிம்பில் ஓரிடத்தில் தோல் சிலிர்ப்பதுபோல ஒரு துடிப்பு, அவ்வளவுதான். இரண்டாவது கிடாயிலும் அப்படியே. 26 வருடமாக இரண்டையும் ஒன்றாகவே பார்த்திருக்கிறேன், இதைப் பிரித்துப் பார்த்ததில்லை. கடைப் பையன் என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டான். அவனுக்கும் காட்டினேன். அப்பா சொன்னது தவறு என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் பார்த்ததைத் தன் வார்த்தையில் சொன்னார்.

ஐயா, சுருக்கக் குறிப்பைப் பார்த்தேன். சிறுகுடலின் நடுப்பகுதி என்று போட்டிருக்கிறது. இரவில் எழுவதில்லை, காய்ச்சலும் இரத்தமும் இல்லை. திங்கட்கிழமை அறுவை செய்தவரிடம் அழைத்துப் போய் எடை குறைந்ததைச் சொன்னேன். இரத்தம் பார்த்தார். தையல் நன்றாக ஆறியிருக்கிறது, பயத்தில் சாப்பிடாததால்தான் எடை குறைந்திருக்கிறது என்றார். இந்த முறை நான் கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். ஒவ்வொன்றுக்கும் நின்று பதில் சொன்னார்.

செவிலிச் சகோதரி சொன்னது சரியாக இருந்தது. என் மனைவி கேட்டபோது, மூன்றாம் நாள் இரவிலேயே பிரிந்தது என்று அம்மா ஒப்புக்கொண்டிருக்கிறார். மருத்துவமனையில் நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேனாம். மகன் முன்னால் எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டாராம். இரண்டு நாள் வீணாகத் தொண்டை வறண்டு கிடந்திருக்கிறார். அதைக் கேட்டபிறகு எனக்கு அன்று கடையில் கை ஓடவில்லை.

இன்று காலை அம்மாவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து சொன்னேன். இறங்குவது இந்த இட்லி இல்லை அம்மா, முந்தாநாள் சாப்பிட்டது, இரைப்பை நிரம்பினதும் கீழே சொல்லி அனுப்புகிறது, உன் குடல் வேலைக்குத் திரும்பிவிட்டது என்றேன். என் தாம்பாளத்தில் நடப்பதையும் சொன்னேன். குடல் கழுவுவதை எனக்கு முன்பே பார்த்தவர்தானே, தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஓர் இட்லியைத் தேங்காய்ச் சட்னி தொட்டு மெல்லச் சாப்பிட்டார். பாதியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். போய்விட்டு வா என்றேன். போய்விட்டு வந்து, கையைக் கழுவிக்கொண்டு, தட்டில் மூடி வைத்திருந்த இன்னோர் இட்லியையும் எடுத்தார்.